கடலூர் சந்திப்பும் லோகோ ஷெட்டுகளும்

கடலூர் துறைமுகம் சந்திப்பு தெற்கு ரயில்வேயின் திருச்சி கோட்டத்தில் உள்ளது. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் மெயின் லைனும் விருத்தாசலத்திலிருந்து வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாக வரும் பாதையும் இங்கே கூடுகின்றன. பழைய கால அட்டவணைகளில் இது கடலூர் ஓ.டி., அதாவது பழைய நகரமான முதுநகர். இன்றைய திருப்பாதிரிப்புலியூர் நிலையம் அப்போது கடலூர் என்.டி., புதுநகரம். செம்மண்டலம், மஞ்சக்குப்பம் பக்கத்து மக்களுக்கு ரயிலடி என்றால் பெரும்பாலும் திருப்பாதிரிப்புலியூர்தான். சந்திப்பு என்ற பெருமை மட்டும் முதுநகருக்கு.

கிரேட் சதர்ன், கர்நாடிக் என்ற இரு கம்பெனிகள் இணைந்து 1874இல் தென்னிந்திய ரயில்வே உருவாயிற்று. அது 1870களின் பிற்பகுதியில் சென்னையைத் தஞ்சாவூரோடு இணைத்து மீட்டர் கேஜ் பாதை போட்டது. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் எல்லாம் அப்படித்தான் ரயிலைக் கண்டன. அடுத்த ஐம்பது ஆண்டுகள் சென்னையிலிருந்து தென்கோடிக்குப் போகும் வண்டிகளுக்கு இதுவே வழி. 1920களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் கார்டு லைன் வந்தது. தூரம் ஏறத்தாழ 60 கி.மீ. குறைந்ததும் மதுரை, திருநெல்வேலி வண்டிகள் மெல்ல அங்கே மாறின. 'மெயின் லைன்' என்ற பெயர் கடலூருக்கே நிலைத்தது, முக்கியத்துவம் அந்தப் பக்கம் போனது.

கடலூரில் துறைமுகமும் சந்திப்பும் இருந்தும் வட்டாரத்தின் பெரிய லோகோ ஷெட் அமைந்தது விழுப்புரத்தில். காரணம் எளிது. சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைக்கும் பாதை பிரியும் ஊர் அது. எங்கே வண்டிகள் பிரிகின்றனவோ அங்கேதான் எஞ்சின் மாற்றவும் ஆள் மாற்றவும் வேண்டும்.

நீராவிக் காலத்து ஷெட் தூங்காத இடம். ஓடிக் களைத்து வரும் எஞ்சின் முதலில் சாம்பல் குழியின்மேல் நிற்கும். நெருப்பைத் தட்டிக் கொட்டுவார்கள். பிறகு நிலக்கரி, தண்ணீர், சக்கரம் வழுக்காமலிருக்க மணல். டர்ன்டேபிளில் ஏற்றித் திசை திருப்புவார்கள். உப்பு படியும் பாய்லரை முறைவைத்துக் கழுவ வேண்டும். ஆறிய பாய்லரில் மறுபடி நீராவி ஏற்றப் பல மணி நேரம் பிடிக்கும். அதனால் பயணி பார்க்கும் வண்டி ஓடத் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே ஷெட்டில் வேலை தொடங்கிவிடும். டிரைவர், ஃபயர்மேன் வீட்டுக் கதவைத் தட்டி டூட்டிக்கு எழுப்பி, புத்தகத்தில் கையெழுத்து வாங்க 'கால் பாய்' என்றே ஓர் ஆள் உண்டு. ஒய்.பி. வகை எஞ்சின்கள் பயணிகள் வண்டிக்கும் ஒய்.ஜி. வகை சரக்குக்கும் ஓடின. பெரிய பழுது பார்ப்பது பட்டறையின் வேலை. நாகப்பட்டினம், போத்தனூர் பட்டறைகளைப் பொன்மலையில் ஒன்றாக்க நிர்வாகம் முனைந்தபோது ஆட்குறைப்பு வந்தது. அதை எதிர்த்து 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனது அந்தப் போராட்டத்தில்தான்.

1960களில் தாம்பரத்திலிருந்து மின்கம்பி நீண்டு விழுப்புரத்தோடு நின்றது. ஜப்பானில் செய்த மீட்டர் கேஜ் மின் எஞ்சின் அங்கே கழன்றுகொள்ள, நீராவி எஞ்சினோ பின்னாளில் டீசல் எஞ்சினோ வண்டியைக் கடலூருக்கு இழுத்து வந்தது. அந்த இடைவேளையில் டீயும் வடையும் விற்றுத் தீர்ந்தது தனிக்கதை. 1990களோடு நீராவி ஓய்ந்தது. 2006 இறுதியில் விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதை அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டு, 2010இல்தான் பயணிகளுக்குத் திறந்தது. அத்தனை ஆண்டுகள் சிதம்பரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் ரயில் இல்லை; பஸ்தான் கதி. பின்னர் மின்மயமும் வந்தது. இன்று தெற்கு ரயில்வேயின் மின் எஞ்சின்களுக்கு ஈரோடு, அரக்கோணம், ராயபுரம் முதலிய ஊர்களில் தாய் ஷெட்டுகள் உள்ளன. விழுப்புரத்தில் எஞ்சின் மாற்ற வேண்டிய கட்டாயம் போயிற்று.

மாறாத ஒன்று, விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதை இன்னும் ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிலையத்தில் காத்திருப்பதை இங்கே 'கிராஸிங்' என்பார்கள். இத்தகைய பாதைகளில் முன்பு இரும்புப் பந்து டோக்கன் இருந்தது. அடுத்த நிலையத்தின் சம்மதம் கிடைத்தால்தான் கருவியிலிருந்து பந்து வெளிவரும். பிரம்பு வளையத்தில் கட்டி நீட்டுவதை ஓடும் எஞ்சினிலிருந்தே கைநீட்டிப் பிடிப்பார்கள். பந்து கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த பகுதிக்குள் போகக் கூடாது. இப்போது அந்த வேலையை சிக்னல் கருவிகள் செய்கின்றன. ஆனால் லெவல் கிராஸிங்குகள் எல்லாம் அந்த அளவுக்கு மாறவில்லை. சிக்னலோடு பிணைத்த, அதாவது இன்டர்லாக் செய்த கேட் மூடாவிட்டால் சிக்னல் விழாது. இன்டர்லாக் இல்லாத கேட்டில் நிலைய அதிகாரியும் கேட் கீப்பரும் தொலைபேசியில் ரகசிய எண் பரிமாறிக்கொள்வதே காப்பு. 2025 ஜூலை 8 அன்று கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே செம்மங்குப்பத்தில் இன்டர்லாக் இல்லாத கேட்டில் பள்ளி வேன்மீது பயணிகள் வண்டி மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பிறகே எல்லா கேட்டுகளிலும் சிசிடிவி பொருத்தவும், இன்டர்லாக் செய்வதற்கான போக்குவரத்து வரம்பைத் தளர்த்தவும் ரயில்வே அமைச்சகம் உத்தரவிட்டது. மீட்டர் கேஜைப் பிடுங்கி அகலப்பாதை போட முடிந்தவர்களுக்குச் சில கேட்டுகளை சிக்னலோடு பிணைப்பது பெரிய காரியமல்ல.

ஷெட் கதைபோலவே, ஒரு வண்டி எந்த ஊரில் தொடங்குவது என்பதை மக்கள்தொகையைவிட வண்டியை நிறுத்தவும் கழுவவும் அடிப்பக்கம் சோதிக்கவும் அங்கே உள்ள வசதிதான் தீர்மானிக்கிறது. அடிப்பக்கம் சோதிக்க 'பிட் லைன்' என்ற குழிவெட்டிய பாதை வேண்டும். மாவட்டத் தலைநகரமாயிருந்தும் கடலூர் வண்டிகள் வந்து போகும் ஊராகவே நெடுங்காலம் இருந்ததற்கு இதுவே விளக்கம். அந்த நிலை சற்று மாறி, 2024 ஜூலையில் மைசூரு–மயிலாடுதுறை விரைவு வண்டி கடலூர் துறைமுகம் வரை நீட்டிக்கப்பட்டது.