அட்டப்பாடிப் பொன்னும் ‘படிவு’ என்னும் கலைச்சொல்லும்

பாலக்காடு மாவட்டத்தைச் சார்ந்த அட்டப்பாடி, தமிழும் மலையாளமும் இருளர், முடுகர், குறும்பர் மொழிகளும் உடன் வழங்கும் எல்லை நிலமாகும். கிழக்கு நோக்கிப் பாயும் பவானி இதன் வழியே தமிழகத்துள் நுழைகிறது. இங்குக் கோட்டத்தறை முதலிய இடங்களில் பாறையினுள் பொன் உள்ளமை நிலவியல் ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளது. இதனைப் ‘பொற்படிவு’ எனல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

படிதலாவது, நீர் சுமந்து வந்த பொருள் அடியில் தங்குதல். ஆற்றுப்பொன்னுக்கு இச்சொல் முற்றும் பொருந்தும். பொன்னின் ஒப்படர்த்தி 19.3, மணலினது ஏறத்தாழ 2.65. ஆதலின் நீரோட்டம் தளருமிடத்தில் பொற்றுகள் முதலில் தங்குகின்றன. அரித்தல், கொழித்தல் என்னும் தொழிற்சொற்கள் இவ்வேறுபாட்டினையே பயன்கொள்கின்றன. சிலப்பதிகாரம் சுட்டும் நால்வகைப் பொன்னுள் சாம்பூநதம் என்பதும் ஆற்றின் பெயரால் அமைந்ததே.

பாறைப்பொன்னின் பிறப்பு வேறு. நிலத்தின் ஆழத்தில், கந்தகச் சேர்மம் கலந்த வெந்நீர், பொன்னைக் கரைத்துக்கொண்டு, பாறைகள் நெரிந்து நழுவிய பகுதிகளின் பிளவுகள் வழியே மேலேறுகிறது. அழுத்தம் குறையும்போதோ, கந்தகம் பாறையிலுள்ள இரும்புடன் கூடிப் பைரைட்டு ஆகும்போதோ, பொன் கரைசலினின்று பிரிந்து வெங்கச்சங்கல்லோடு உறைகிறது. கீழிருந்து ஏறி உறைந்ததனைப் ‘படிவு’ எனின், அதன் வரலாறே தலைகீழாகிவிடும்.

ஆங்கிலத்தில் ‘டெபாசிட்’ என்னும் ஒரு சொல் இரண்டனையும் தழுவும். பாறைப்பொன்னுக்கே உரிய ‘ரீப்’ என்னும் சொல்லோ ஆஸ்திரேலியச் சுரங்க வழக்கினின்று வந்தது. விக்டோரியாவில் சுரங்கத்துறைப் பொறுப்பில் இருந்த பிரப் ஸ்மித், வயநாட்டுப் பொன் குறித்து 1880இல் அறிக்கை அளித்தார். தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் இலண்டன் நிறுவனங்கள் பல முளைத்து, சில ஆண்டுகளிலேயே பெரும்பாலும் மறைந்தன. கோலாரில் அச்சொல் ‘சாம்பியன் ரீப்’ என ஊர்ப்பெயராகவே நிலைத்தது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னும் அது வழங்குகிறது. அகராதியை மட்டும் நம்பி இதனைக் ‘கடற்பாறை’ எனப் பெயர்ப்பது பெரும்பிழையாகும்.

எனவே ஆற்றுப்பொன்னுக்குப் ‘படிவு’ என்பதனையும், பாறைப்பொன்னுக்குப் ‘பொன்னரம்பு’ என்பதனையும், இரண்டற்கும் பொதுவாகப் ‘பொன்னிருப்பு’ என்பதனையும் வரையறுத்துக் கொள்ளலாம். சொல் பிரிந்தால், எங்குக் கொழிப்பது, எங்கு அகழ்வது என்பதும் தெளிவாகும்.