எண்ணிக்கையிலிருந்து பிறந்த எச்சரிக்கை

முடக்குவாதத்துக்கு உயிரியல் மருந்து தொடங்குமுன் காசநோய்த் தொற்றை அறிய நெஞ்சு எக்ஸ்ரேயும் மான்டூ தோல் சோதனையும் எடுக்கச் சொல்லும் வழக்கத்துக்கு வயது கால் நூற்றாண்டுதான். மருந்து விற்பனைக்கு வந்த பிறகு, அதனால் நோயுற்றவர்களை யாரோ சிலர் பொறுமையாக எண்ணியதால்தான் இந்த வழக்கம் பிறந்தது. 1992இல் லண்டனில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும், மூட்டை வீங்கவைக்கும் டிஎன்எஃப் என்ற புரதத்தை முடக்கும் உயிரியல் மருந்தான இன்ஃப்ளிக்சிமாபை முடக்குவாத நோயாளிகளுக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். வேறெதற்கும் அடங்காத வீக்கம் சில வாரங்களில் தணிந்தது. ஆனால், உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி எதிர்ப்பணுக்கள் எழுப்பும் அரணைக் காப்பதும் அதே புரதம்தான். காசநோயை அடக்க இப்புரதம் தேவை என்பதை எலிகளில் நடந்த ஆய்வு 1995இலேயே காட்டியிருந்தது. எனினும் சில நூறு பேரை வைத்து நடக்கும் மருந்துச் சோதனையில் அரிய கேடு தெளிவாகத் தெரியாது. 1999இல் இன்ஃப்ளிக்சிமாப் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது. 2001இல் அமெரிக்க மருந்து நிர்வாகத்துக்கு வந்த புகார்களைத் தொகுத்தபோது 70 பேருக்குக் காசநோய் கண்டிருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு மருந்து தொடங்கி 12 வாரங்களுக்குள் நோய் வெளிப்பட்டது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது நுரையீரலைத் தாண்டியிருந்தது.

அடுத்த பாடம் ஸ்பெயினிலிருந்து வந்தது. உயிரியல் மருந்து பெறுவோருக்கென அந்நாட்டு மூட்டுநோய் மருத்துவர்கள் 2000இலேயே தேசியப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். காசநோய் பெருகுவதை அது காட்டியதும், 2002இல் விதிகள் வந்தன: தோல் சோதனையில் தடிப்பு 5 மில்லிமீட்டரைத் தொட்டாலே தொற்று என்று கொள்க, தடிப்பு இல்லையென்றால் ஓரிரு வாரத்தில் மறுபடி சோதிக்க, தொற்று இருந்தால் ஒன்பது மாதம் ஐசோனியாசிட் மாத்திரை கொடுக்க. மான்டூ 1908இல் வகுத்த சோதனையும் 1952இல் புழக்கத்துக்கு வந்த மலிவான மாத்திரையும்தான் இதற்குப் போதுமானவையாக இருந்தன. புதிதாகக் காசநோய் கண்டவர்களின் விகிதம் 78 சதவீதம் குறைந்தது. எளிதில் நோயுறக்கூடியவர்கள் முன்பே நோயுற்றுவிட்டதால் எண்ணிக்கை தானாகவே சரிந்திருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். 2007இல் அதே பதிவேடு இதற்கு விடை தந்தது: விதிகளை முழுமையாகப் பின்பற்றாத இடத்தில் காசநோய் வரும் வாய்ப்பு ஏழு மடங்கு. பெரும்பாலும் விடுபட்டது இரண்டாவது தோல் சோதனை. ஒரே காலத்தில் ஒரே நாட்டில் தெரிந்த இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

காசநோய் மலிந்த நாட்டுக்கு இந்த வழி பொருந்துமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காசநோய்த் தொற்று இருக்கிறது. காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி தோல் சோதனையைக் குழப்பும். ஸ்டீராய்டு உட்கொள்பவருக்குத் தொற்று இருந்தும் தடிப்பு வராமல் போகலாம். ஐசோனியாசிட் கல்லீரலைத் தாக்கக்கூடும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு அந்தக் கவலை கூடுதல். மாத்திரையை முடித்தவருக்கும் வீட்டிலோ பேருந்திலோ புதுத் தொற்று வரலாம். இவை அனைத்தும் உண்மை. ஆனால் இவை சோதனையைக் கைவிடச் சொல்லவில்லை. ஒரு முறை சோதித்ததோடு நிறைவடையக் கூடாது என்றே சொல்கின்றன. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று கேட்பதும், தொற்றைக் காட்டும் இரத்தச் சோதனையைத் துணைக்குக் கொள்வதும், கல்லீரலைக் கண்காணிப்பதும், சிகிச்சை நீளும் வரை இருமலையும் காய்ச்சலையும் எடை இழப்பையும் விசாரிப்பதும் இங்கே இன்னும் அவசியம். மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும்: பிரிட்டிஷ் பதிவேட்டில் எட்டானர்செப்ட் என்ற மற்றொரு டிஎன்எஃப் தடுப்பு மருந்து பெற்றவர்களுக்குக் காசநோய், இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2021இல் இந்திய அரசின் தடுப்புச் சிகிச்சை வழிகாட்டுதலும் டிஎன்எஃப் தடுப்பு மருந்து பெறுவோரைச் சேர்த்துக்கொண்டது.

விதியை எழுதிவைப்பதோடு வேலை முடிவதில்லை. ஸ்பெயினில் விதிக்கு முன்பும் பின்பும் எண்ணினார்கள். அதனால்தான் அது எங்கே பலித்தது, எங்கே தவறியது என்பது தெரிந்தது. புது மருந்து தரும் ஒவ்வொரு மருத்துவமனையும் அதன் பிறகு நோயாளிக்கு நேர்ந்ததைப் பதிந்து பொதுவில் சேர்ப்பது, மருந்துச் சீட்டு எழுதுவதற்கு இணையான கடமை.