சொல்வாரும் பாடுவாரும்
தமிழ்க் கிறித்தவ வழிபாட்டிசையும் சிலாங்கூர்த் தோட்டங்களும்

கிறித்தவ வழிபாட்டு மாநாடு எனக் கூடும் கூட்டங்களில் இருவகையினர் மேடையேறுவர். ஒரு சாரார் சொல்வார். மற்றொரு சாரார் பாடுவார். அழைப்பிதழில் சொல்வாருடைய பெயரே முதற்கண் பெரிய எழுத்தில் நிற்கும். பாடுவார் பெயர் அதன்கீழ் இடம் பெறும். ஆயினும், தமிழ்ச் சபைகளின் முந்நூறாண்டு வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வரிசை மாறியிருத்தல் வேண்டும் என்றே தோன்றும். சொல்லப்பட்டவற்றுள் பெரும்பாலானவை சொன்ன நாளோடு மறைந்தன. பாடப்பட்டவையோ கடல் கடந்தன.

அவ்வாறு கடந்து வந்து தங்கிய இடங்களுள் வட சிலாங்கூர்த் தோட்டப்புறமும் ஒன்று. ஆற்றுமுகத்திலுள்ள கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என உள்நோக்கிச் செல்லும் நிலப்பரப்பும், இருப்புப்பாதையை ஒட்டிய ரவாங், செரண்டா, களும்பாங் ஊர்களின் சுற்றுப்புறமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்க் காடாயின. 1905இல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தை அமைத்தார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு 1917இல் அவர் நட்ட தென்னமரம் தோட்டத்தில் தொடங்கிற்று. பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தோட்டம் அது. அவர் எழுதிய 'மலேசி' என்னும் புதினம் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது.

இத்தோட்டங்களில் பால் மரம் வெட்டியோருள் மிகப் பலர் தமிழர். அவர்களுள் பெரும்பாலோர் மாரியம்மனை வழிபட்டவர். கிறித்தவர் ஒரு சிறு தொகையினரே. கத்தோலிக்கர், லுத்தரன் சபையினர், மெதடிஸ்டுகள், ஆங்கிலிக்கன் சபையினர் என அவர்களும் பலவாறு பிரிந்திருந்தனர். ஒரு லயத்தில் நான்கைந்து குடும்பங்கள் இருந்தால் அதுவே சபை. ஒரே போதகர் பல தோட்டங்களைச் சுற்றி வருதல் வழக்கமாதலின், அவர் வராத ஞாயிறுகளே மிகுதி. பிரசங்கம் இல்லாத அந்நாள்களில் வழிபாட்டைத் தாங்கி நின்றது யாது? பாட்டு ஒன்றே. எனவே, அப்பாட்டு எங்ஙனம் உருவாயிற்று என்பதை ஆராய்தல், எழுதப்பெறாத தோட்டச் சபைகளின் வரலாற்றை ஆராய்தலே ஆகும்.

அயல் மெட்டும் தமிழ்ச் சொல்லும்

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் சீகன்பால்கு ஐயரும் புளூட்சோ ஐயரும் தரங்கம்பாடியில் இறங்கினர். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறிற்று. தம் நாட்டு லுத்தரன் வழிபாட்டில் சபையார் அனைவரும் சேர்ந்து பாடுதல் இன்றியமையாதது ஆதலின், செருமானியப் பாட்டுகளைத் தமிழ்ச் சொற்களில் பெயர்த்து அதே மெட்டில் பாடுவித்தனர். 1740இல் இந்தியா வந்து 1791இல் மறைந்த பப்ரிசியுஸ் ஐயர் இப்பணியைப் பெருக்கினார். 'ஞானப்பாட்டு' எனச் சபையார் வழங்குவது இவ்வகையையே.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. செருமானியப் பாட்டின் சந்தம் அசையழுத்தத்தால் அமைவது. தமிழ்ப் பாட்டின் ஓசை குறில் நெடில் அளவால் அமைவது. ஒன்றன் மெட்டில் மற்றொன்றன் சொல்லை ஏற்றினால் குறில் நீளும், நெடில் குறுகும், சொல் நடுவே முறியும். பொருள் செவிக்கு எட்டுமுன் மெட்டு முந்திக்கொள்ளும். எனினும் சபையார் இவற்றை வெறுத்தாரல்லர். தலைமுறை தலைமுறையாகப் பாடித் தமவாக்கிக் கொண்டனர். ஆயினும் புத்தகமும், பாடிப் பழக்குவாரும் இன்றி இவற்றைப் பாடுதல் எளிதன்று.

தஞ்சைக் கவிராயர்

இம்முட்டுப்பாட்டை நீக்கியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்த அவரைச் சுவார்ட்சு ஐயர் இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி பயிற்றினார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசியும் அவ்வையரிடம் பயின்றவரே. இசையும் நாட்டியமும் செழித்த அவ்வூரில் வளர்ந்த சாஸ்திரியார், குறவஞ்சி என்னும் பழைய வடிவத்தை எடுத்து 1800இல் 'பெத்லகேம் குறவஞ்சி'யை இயற்றினார். சபையைத் தலைவியாகவும் கிறித்துவைத் தலைவனாகவும் வைத்துப் பாடிய நூல் அது. 1864இல் மறையுமளவும் அவர் பாடிய கீர்த்தனைகள் பல.

கீர்த்தனையின் அமைப்பே அதன் வெற்றிக்குக் காரணம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்பன அதன் உறுப்புகள். முன்பாடுவார் ஒருவர் சரணத்தை எடுத்துச் சொல்ல, கூடியிருப்பார் அனைவரும் பல்லவிக்குத் திரும்புவர். எழுத்தறியாதவனும் பல்லவியை இருமுறை கேட்டால் மும்முறையாவது பாடிவிடுவான். சரணங்களில் வேதக்கதை விரியும். பல்லவியில் அதன் சாரம் நெஞ்சில் தங்கும். ஒருவர்க்கு மட்டும் புத்தகம் இருந்தாலும் போதும். சபை முழுவதும் பாடும்.

அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் இதன் பயனை உணர்ந்தவர். முதுமையெய்தியிருந்த சாஸ்திரியாரைச் சந்தித்து, அவர் பாடல்களையும் பிறர் பாடல்களையும் தொகுத்து 1853இல் அச்சிட்டார். பிரசங்கியார் ஒருவர் பாட்டாசிரியரிடம் சென்று கேட்டுக் கற்ற அச்சந்திப்பு, தமிழ்க் கிறித்தவ இசை வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அதன்பின் கீர்த்தனை தஞ்சையின் எல்லையைத் தாண்டிச் சபைகள்தோறும் பரவியது.

ஆயினும் வரலாறு முழுவதையும் சொல்லுதல் வேண்டும். 1820-களில் புதிதாக வந்த மிஷனரிமார், சபையில் சாதிவேற்றுமை கூடாது, யாவரும் ஒருங்கே அமர்ந்து ஒரே கிண்ணத்தில் நற்கருணை பெறுதல் வேண்டும் என வற்புறுத்தினர். சாஸ்திரியார் அதனை ஏற்றிலர். தஞ்சை வேளாளக் கிறித்தவர் சார்பில் நின்று எதிர்த்து எழுதினார். அரசவை இசையைச் சபைக்கு உரிமையாக்கிய அதே கவிஞர், சபையிலுள்ள அனைவரையும் ஒரு வரிசையில் இருத்த இசையவில்லை. இம்முரண்பாடு கீர்த்தனையோடு கூடவே வந்தது. நெடுங்காலம் விடைபெறாத வினாவாகவும் நின்றது.

சொல்லியதைப் பாடிக்காட்டிய மாநாடு

சொல்வாரையும் பாடுவாரையும் ஒரே அவையில் சரிநிகராக அமர்த்தியவர் ஆபிரகாம் பண்டிதர். 1859இல் சாம்பவர் வடகரையில் பிறந்த அவர், திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பின்னர்த் தஞ்சையில் சித்த மருத்துவராகப் புகழெய்தினார். மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசையாராய்ச்சியில் செலவிட்டார். 1912ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் அவர் தஞ்சையில் கூட்டிய இசை மாநாடு தமிழகத்து இசை வரலாற்றில் முன்னோடியானது. அதனைத் தொடர்ந்து மேலும் பல மாநாடுகளைத் தம் செலவிலேயே நடத்தினார்.

அவை வழிபாட்டு மாநாடுகள் அல்ல. சமய வேறுபாடின்றி இசைவாணரும் புலவரும் கூடிய ஆராய்ச்சி அவைகள். ஆயினும் வழிபாட்டு மாநாடு நடத்துவார் கற்கவேண்டிய நெறி ஒன்று அங்கே இருந்தது. சுருதி இத்தனை என்று ஒருவர் சொன்னால், அதனைப் பாடியோ வீணையில் மீட்டியோ காட்டுதல் வேண்டும். செவி ஒப்பாததைச் சொல்லால் நிலைநாட்ட இயலாது. சுருதி 22 என்னும் வடநூற்கொள்கையை மறுத்து 24 எனப் பண்டிதர் நிறுவ முயன்றார். 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டிலும் அவர் வாதித்ததோடு அமையாது, அவருடைய புதல்வியர் பாடிக் காட்டினர். பெண்கள் அறிஞர் அவையில் பாடிச் சான்று பகர்ந்தது அக்காலத்தில் அரிய செயலே. 1917இல் அவருடைய 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. சிலப்பதிகாரத்திலிருந்து பண்டைத் தமிழிசை இலக்கணத்தை மீட்க முயன்ற, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல் அது. 1919இல் பண்டிதர் மறைந்தார்.

இசை பயில்வார் பொருள் விளங்காத பாடல்களைக் கற்கும் நிலை கண்டு பண்டிதர் தமிழிலேயே பாடல்கள் இயற்றினார். அவற்றுள் கிறித்தவக் கீர்த்தனைகளும் அடங்கும். சமயம் எதுவாயினும் தமிழன் பாடும் பாட்டு அவனுக்குப் பொருள்படுதல் வேண்டும் என்பது அவர் கருத்தாயிற்று.

கடல் கடந்த பல்லவி

தஞ்சையிலும் மதுரையிலும் இவை நிகழ்ந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் மலாயாவுக்கு ஆள்களை ஏற்றிவந்தன. இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும்வரை கங்காணி முறையில் ஆள் சேர்ப்பு நடைபெற்றது. கோலாலம்பூரில் 1897இல் மெதடிஸ்டு ஆண்கள் பள்ளி தோன்றிற்று. பிரிக்பீல்ட்ஸில் 1924இல் சீயோன் லுத்தரன் ஆலயம் எழுந்தது. தரங்கம்பாடி வழிவந்த ஞானப்பாட்டு அங்கே வீடு கண்டது. அலுவலர், ஆசிரியர், இருப்புப்பாதைப் பணியாளர் கூடிய நகரச் சபைகள் அவை. வாத்தியமும் பாடகர் குழுவும் அங்கே அமைதல் கூடும்.

தோட்டத்தின் நிலை வேறு. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நண்பகல்வரை பால்வாளி சுமந்தவனுக்கு வாத்தியமேது, பயிற்சியேது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளிக்கு வழி செய்தது; ஆயினும் பலர்க்குக் கிட்டியது சில ஆண்டுத் தொடக்கக் கல்வியே. இந்நிலையில் நகரத்துக்கு ஏற்றது ஞானப்பாட்டு எனின், தோட்டத்துக்கு ஏற்றது கீர்த்தனை. பல்லவிக்குப் புத்தகம் வேண்டா; கைத்தாளமே போதும். அரசவையில் பிறந்த வடிவம், எழுத்தறியாதார் கைக்கு வந்து அவர்தம் வேதமாயிற்று. இயற்றியவர் எண்ணியிராத மாற்றம் இது.

பறை புகாத கோயில்

ஆயினும் முன்சொன்ன வினா எஞ்சியே நின்றது. தோட்டத்துக்கு வந்தோருள் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுக்கென்று இசை ஒன்று உண்டு: நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, பறை. தமிழ்நாட்டுச் சபைகள் கருநாடக இசையை வரவேற்றன. மேனாட்டு இசையை வரவேற்றன. பறையையோ நெடுங்காலம் வாயிற்புறத்தே நிறுத்தின. அதற்கு இழிவு கற்பித்தது சாதியேயன்றி இசையிலக்கணமன்று.

இவ்வினாவுக்கு நேர்முகமாக விடை கூறியவர் மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரிப் பேராசிரியர் தியோபிலஸ் அப்பாவு. 1940 முதல் 2005 வரை வாழ்ந்த அவரைப் 'பரட்டை அண்ணன்' என்றே மாணவர் அழைத்தனர். நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டு முறை முழுவதையும் அமைத்தார். பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார். நாட்டுப்பாட்டைப் பாடுவோர் தம் வாழ்வுக்கேற்ப மாற்றிக் கொள்ளலாம். ஆகவே அது ஒடுக்கப்பட்டோர்க்கு உரிய கருவி என்பது அவர் கொள்கை. 'ஒரே உலை' என்பது அவர் வற்புறுத்திய கருத்து. ஒரே உலையில் பொங்கி யாவரும் கூடி உண்பதே நற்கருணையின் பொருள் என்றார். 1820-களில் தஞ்சையில் மறுக்கப்பட்ட ஒரே கிண்ணத்துக்கு, ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப்பின் மதுரையிலிருந்து வந்த விடை அது.

இன்றைய மேடை

வட சிலாங்கூரில் தோட்டங்கள் பல இன்று உருமாறிவிட்டன. மேரி, சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடியிருக்க வீடு வேண்டிப் பல்லாண்டு போராடியதை நாடறியும். லயம் கலைந்தால் கோயிலும் பள்ளியும் கலையும். நினைவிலுள்ள பாட்டு ஒன்றே கூட வரும்.

அவர்கள் குடியேறிய சிறுநகர்களில் இன்று வழிபாட்டு இசை மாநாடுகள் கூடுகின்றன. கிதாரும் மின்விசைப்பலகையும் முழங்குகின்றன. பாட்டின் சொற்கள் திரையில் ஒளிர்கின்றன. இக்கருவிகளைக் குறைகூறுதல் வரலாறு அறியாமையாகும். ஞானப்பாட்டும் கீர்த்தனையும் பறையும் தத்தம் காலத்தில் புதுமையே; எதிர்க்கப்பட்டவையே. ஐயுறவேண்டுவது வேறொன்று. பேரொலியில் மேடையிலிருப்பார் பாட, கீழேயிருப்பார் கேட்டு நிற்பாராயின், முன்பாடுவார் இருப்பினும் பல்லவிக்கு ஆளில்லை என்றாகும்.

வெப் ஐயர் பாடுவாரிடம் சென்று கேட்டார். பண்டிதர் சொல்வாரைப் பாடிக்காட்டச் சொன்னார். அப்பாவு, பாடாதே என விலக்கப்பட்டாரைப் பாடச்செய்தார். இம்மூவர் செயலும் ஓர் அளவுகோலை நமக்குத் தருகின்றன. மாநாடு முடிந்து, விளக்கணைந்து, திரையும் சுருட்டப்பட்டபின், புத்தகமும் போதகரும் இல்லாத ஒரு வீட்டில் எப்பாட்டு தானே எழுந்து ஒலிக்கின்றதோ, அதுவே சபையின் பாட்டு. ஏனையவை மேடையின் பாட்டு.