சிக்கன விளக்கு

அண்மையில் உடுவிலில் புதிதாக எழுந்த வீடொன்றுக்குச் சென்றிருந்தேன். வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் கட்டியது. கூடத்துக்குள் கால் வைத்ததும் மின்குமிழ் தானாக ஒளிர்ந்தது. வெளியே வந்ததும் அணைந்தது. எல்லா விளக்குகளும் அவருடைய கைத்தொலைபேசியோடு இணைக்கப்பட்டிருந்தன. முன்னர் 60 வாற்று குமிழ் தந்த வெளிச்சத்தை இப்போது 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் தந்துவிடுகிறது என்று அவர் விளக்கினார். எனக்கோ ஜாம் போத்தல் விளக்கு நினைவுக்கு வந்தது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ். குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. சுன்னாகம் மின்நிலையம் அயலில் இருந்தும் உடுவிலில் இருளே. மண்ணெண்ணெயும் மின்கலங்களும் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டன. அரிக்கன் லாம்பு எரிக்க எண்ணெய் கட்டுபடியாகவில்லை. அப்போதுதான் வீட்டுக்கு வீடு சிக்கன விளக்கு வந்தது.

செய்முறை எளிது. வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுவார்கள். சைக்கிள் ரியூப்பின் வால்வுக் குழாயில் மெல்லிய திரியைக் கோத்து, கம்பியால் போத்தலுக்குள் நிறுத்துவார்கள். கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுக்கும். எண்ணெய் பஞ்சில் ஊறியிருப்பதால் போத்தல் சரிந்தாலும் கொட்டாது. சுடர் சிறிதாகையால் கொஞ்ச எண்ணெய் நெடுநேரம் எரியும். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்துகொண்டார்.

இன்று மனிதர் இருக்கும் இடத்தை விளக்கு அறிந்துகொள்கிறது. அன்று விளக்கு இருக்கும் இடத்துக்கு மனிதர் வந்தோம். ஒரே போத்தலைச் சுற்றிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். பக்கத்தில் தாய் கிழிந்த சட்டை தைத்தார். நான் செய்தி எழுதியதும் அவ்வொளியில்தான். மறுநாள் அது கொப்பித் தாளில் அச்சாகி வரும்.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எமது மூட்டைக்குள் அவ்விளக்கும் இருந்தது. 1996 இல் ஊர் திரும்பிய பின்னர் மின்பிறப்பாக்கிகளால் சிறிது சிறிதாக வெளிச்சம் வந்தது. தேசிய மின்வலையமைப்போடு குடாநாடு மீண்டும் இணைந்தது 2013 இல்.

அக்காலத்தைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. விரும்பி மேற்கொண்டால்தான் அது சிக்கனம். பிறர் திணித்தால் தண்டனை. புகையைச் சுவாசித்தபடியே ஒரு தலைமுறை படித்தது என்பதை மறக்கலாகாது.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு அமுலானபோது, கொழும்பு நண்பர் ஒருவர், "அந்நாட்களில் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டார். போத்தல் விளக்கைப் பற்றிச் சொன்னேன். காட்டுவதற்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை. மின்சாரம் வந்த கையோடு எறிந்துவிட்டோம்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொன்று எஞ்சியிருந்தால், அன்பர்களே, எறியாதீர்கள். எந்த ஆண்டில், யார் செய்தது என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டி வையுங்கள்.