அடக்கம்

'அடங்கு' என்னும் வினை தந்த பெயர். திருக்குறளின் 13ஆம் அதிகாரம் அடக்கமுடைமை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்குப் பேரம் பேசினால், "அடக்கமே கட்டாது அண்ணாச்சி" என்பார் கடைக்காரர். கடலை, வெல்லம், கூலி எல்லாம் சேர்ந்த முதல்தான் அடக்க விலை. புத்தகத்துக்குள் இருப்பது உள்ளடக்கம். ஆக, சரக்கு உள்ளே இருந்தால்தான் அடக்கம். வெறுமனே ஒடுங்கி நிற்பதை அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது. ஆளுக்கொரு செல்போனில் தன்னையே கடைவிரிக்கும் இந்நாளில் இந்தப் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், மழைக்குத்தான் பள்ளிக்கூடம் ஒதுங்கியதாகத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். சம்சாரிகள் எனப்படும் உழவர்களின் பேச்சைத் திரட்டிக் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி தந்தவர் அவர். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1991இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. அடக்கத்துக்கு ஆள் காட்டச் சொன்னால், நான் அவரைத்தான் காட்டுவேன்.