பிங்க் ஃபிளாய்டு: பழைய ஆல்பங்களின் விற்பனை வரலாறு

லண்டனில் 1965இல் தொடங்கிய பிங்க் ஃபிளாய்டு ராக் இசைக்குழு பிளந்தது, வழக்காடியது, பின்பு ஓய்ந்தும் போனது. அதன் ஆல்பங்கள் மட்டும் அரை நூற்றாண்டைக் கடந்தும் விற்பனையில் நிற்கின்றன. இவற்றில் நடுநாயகமானது 1973 மார்ச்சில் வெளியான 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்'. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 1973 முதல் 1988 வரை அது 741 வாரங்கள் இடம் பெற்றது. உலகம் முழுவதும் 4.5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கும் என்பது பரவலான கணிப்பு. 'விஷ் யூ வேர் ஹியர்' (1975), 'அனிமல்ஸ்' (1977), 'தி வால்' (1979) ஆகியவையும் எல்பி, கேசட், குறுந்தகடு, இணையம் என்று ஒவ்வொரு வடிவத்திலும் மீண்டும் மீண்டும் வாங்கப்பட்டன.

நல்ல இசை தானாகவே விற்றுக்கொள்ளும் என்பது பாதி உண்மைதான். இந்த ஆல்பங்கள் துண்டுபட்டுவிடாமலும் கடையிலிருந்து மறைந்துவிடாமலும் ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒருவர் காவல் நின்றிருக்கிறார். சில நேரம் அது ஒரு நிறுவனத் தலைவர், சில நேரம் ஒரு நீதிபதி, பெரும்பாலும் குழுவினர்தாம்.

முதல் ஆண்டுகள்

சிட் பாரெட், ரோஜர் வாட்டர்ஸ், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன் ஆகியோரின் முதல் ஆல்பம் 1967இல் வந்தது. பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிய பாரெட்டின் மனநலம் விரைவிலேயே குலைந்தது. 1968இல் அவர் விலகினார், டேவிட் கில்மோர் வந்து சேர்ந்தார். 'ஆட்டம் ஹார்ட் மதர்' 1970இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் அவர்களை அறிந்தவர்கள் சிலரே. 1971இல் இஎம்ஐ நிறுவனம் பழைய பாடல்களைத் திரட்டி 'ரெலிக்ஸ்' என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்றது. முதல் ஆல்பம் வந்து நான்கே ஆண்டான குழுவுக்கும் அதற்குள் மறுவிற்பனை தொடங்கிவிட்டது.

ஓராண்டு மேடை, பிறகு ஒலிப்பதிவு

'டார்க் சைடு' ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்ததன்று. 1972 ஜனவரியிலிருந்தே அதை ஒரு முழு நிகழ்ச்சியாக மேடைகளில் வாசித்து வந்தார்கள். எது தொய்கிறது, எது நிற்கிறது என்பது ரசிகர்கள் முன்னிலையிலேயே தெரிந்துவிட்டது. அதே ஆண்டு மே மாதத்தில்தான் லண்டன் அபே ரோடு கூடத்தில் பதிவு தொடங்கியது. ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ். காலம் கரைவது, பணம், சாவு, புத்தி பேதலிப்பு ஆகியவற்றைப் பற்றிய பாடல்கள். இவற்றுக்குக் காலாவதி கிடையாது. பாடல்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடும். இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடியும். எங்காவது நடுவில் ஊசியை வைத்தால் எதையோ தவறவிட்ட உணர்வு வரும். ஆகவே வாங்கினால் முழுத் தட்டையும்தான் வாங்க வேண்டும் என்ற எண்ணம் கேட்பவர் மனத்தில் தானாகவே படிந்தது.

உறையை ஹிப்னோசிஸ் என்ற வடிவமைப்புக் குழு உருவாக்கியது. கறுப்புப் பின்னணி, ஒரு பட்டகம், அதன் வழியே பிரியும் ஒளி. வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி. பெயரும் முகமும் இல்லாத உறை அது. அந்தக் காலத்துப் பல உறைகளில் இருக்கும் முடியலங்காரமும் உடைகளும் அவற்றின் ஆண்டைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த உறைக்கு அந்தச் சிக்கல் வரவே இல்லை. பிற்காலத்தில் இந்த ஆல்பத்தைக் கேட்டே இராதவர்களும் அந்தப் பட்டகம் பதித்த சட்டையை அணிந்தார்கள்.

'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாடலில் சொற்களே இல்லாமல் ஓலமிடும் குரல் கிளேர் டோரியுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்காக அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. இசையமைப்பில் தமக்கும் பங்குண்டு என்று 2004இல் அவர் வழக்குத் தொடர்ந்தார். 2005இல் சமரசம் ஏற்பட்டது. அதன் பின் வந்த பதிப்புகளில் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. விற்பனை நீடித்ததால்தான் இந்த நியாயம் கிடைக்கவும் அவகாசம் இருந்தது.

பாஸ்கர் மேனன்

இந்த வரலாற்றில் ஒருவருக்கு உரிய இடம் பெரும்பாலும் தரப்படுவதில்லை. திருவனந்தபுரத்தில் 1934இல் பிறந்த பாஸ்கர் மேனன்தான் அவர். தந்தை கே. ஆர். கே. மேனன் இந்திய அரசின் நிதிச் செயலர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒரு ரூபாய் நோட்டில் இருப்பது அவருடைய கையெழுத்துதான். மகன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, இஎம்ஐயில் சேர்ந்து, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் தலைமைக்கு உயர்ந்தார். இஎம்ஐயின் அமெரிக்கக் கிளையான கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் நட்டத்தில் தள்ளாடியபோது, 1971இல் அதைத் தூக்கி நிறுத்த அவரை அனுப்பினார்கள்.

கேப்பிடல் தங்களைக் கவனிக்கவில்லை என்ற மனக்குறை பிங்க் ஃபிளாய்டுக்கு இருந்தது. அவர்களுடைய மேலாளர் ஸ்டீவ் ஓ'ரூர்க், போட்டி நிறுவனமான கொலம்பியாவோடு சத்தமில்லாமல் பேசி வந்தார். ஒப்பந்தப்படி கேப்பிடலுக்குத் தரவேண்டிய கடைசி ஆல்பம் 'டார்க் சைடு'. விட்டுப் போகிற குழுவின் தட்டுக்கு யாரும் பெரிய செலவு செய்யமாட்டார்கள். மேனன் செய்தார். நாடு தழுவிய விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கினார், வானொலி நிலையங்களுக்கு ஏற்றபடி சில பாடல்களைச் சுருக்கி அனுப்ப வைத்தார். 'மணி' பாடல் அமெரிக்காவில் தனித்தட்டாக வந்து 13ஆம் இடம் வரை ஏறியது. ஆல்பம் 1973 ஏப்ரல் இறுதியில் ஒரு வாரம் முதலிடத்தில் இருந்தது. முதலிடம் அந்த ஒரு வாரம் மட்டுமே. பிரிட்டனில் இரண்டாம் இடத்துக்கு மேல் ஏறவே இல்லை. பாய்ந்து ஏறிச் சரியும் தட்டுகள் நிறைய உண்டு, இது கீழ்ப்படிகளில் நிலைத்து நின்ற தட்டு. 2021இல் மேனன் மறைந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகள் பலவும் இந்த ஆல்பத்தை நினைவுகூர்ந்தன.

அதன் வெற்றி பழைய தட்டுகளையும் இழுத்து வந்தது. 1973இன் இறுதியில் முதல் இரண்டு ஆல்பங்களையும் சேர்த்து 'எ நைஸ் பேர்' என்று வெளியிட்டார்கள். முன்பு அமெரிக்கா கண்டுகொள்ளாத பாடல்கள் இப்போது இரண்டாவது வாய்ப்பில் விலைபோயின.

வெற்றியின் சுமை

பணம் வந்தது. அதன் ஒரு பகுதி 1975இல் வெளியான 'மான்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெய்ல்' திரைப்படத்துக்கும் போனது. பெரிய அரங்குகளில் கூட்டம் பாட்டைக் கேட்காமல் 'மணி' பாடச் சொல்லிக் கூச்சலிட்டது. 1977 ஜூலையில் மாண்ட்ரியல் ஒலிம்பிக் அரங்கில் வாட்டர்ஸ் பொறுமையிழந்து ஒரு ரசிகர் மேல் துப்பிவிட்டார். தன்னையே கண்டு அவர் அதிர்ந்ததிலிருந்து பிறந்ததுதான் கலைஞனுக்கும் கூட்டத்துக்கும் இடையே எழும் சுவர் என்ற கற்பனை. அதே காலத்தில் நார்ட்டன் வார்பர்க் என்ற முதலீட்டு நிறுவனத்தை நம்பிப் போட்ட பெருந்தொகை பறிபோயிற்று. வரிச்சுமைக்கு அஞ்சி 1979இல் நாட்டைவிட்டு வெளியேறி, அந்தக் கற்பனையில் உருவான 'தி வால்' ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பிரான்சில் பதிவு செய்தார்கள். 'தி வால்' அமெரிக்காவில் 15 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. இரண்டு தட்டுகள் கொண்ட ஆல்பம் என்பதால், ஒவ்வொரு தட்டையும் தனியாக எண்ணும் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் கணக்கில் அது 23 மடங்கு பிளாட்டினம்.

எண்ணும் முறைகள்

இந்தச் சங்கத்தின் சான்றிதழ்களைப் பார்த்து விற்பனையை மதிப்பிடுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிளாட்டினம் என்ற தகுதி 1976இல்தான் வந்தது, அதுவும் புதிய வெளியீடுகளுக்கு. அதனால் கோடிக்கணக்கான வீடுகளில் ஒலித்த 'டார்க் சைடு' 1990 வரை தங்கத்தட்டுச் சான்றிதழோடு மட்டுமே இருந்தது. 1990 பிப்ரவரியில் ஒரே நாளில் 11 மடங்கு பிளாட்டினம் ஆனது, 1998இல் 15 மடங்கு.

பில்போர்டு பட்டியலும் அப்படித்தான். ஜானி மாத்திஸின் தொகுப்பு ஒன்று வைத்திருந்த 490 வாரச் சாதனையை 1983இல் 'டார்க் சைடு' முந்தியது. 1988இல் பட்டியலிலிருந்து விழுந்தது. 1991 மே வரை பில்போர்டு, கடைக்காரர்களைக் கேட்டுத்தான் பட்டியலைத் தயாரித்தது. அதன் பின், கல்லாப்பெட்டியில் பட்டைக்கோட்டை வருடியவுடன் பதிவாகும் சவுண்ட்ஸ்கேன் முறை வந்தது. கடைக்காரரின் கவனம் புதுச்சரக்கின் மேல் இருக்கும், இயந்திரத்துக்கு அந்தச் சாய்வு கிடையாது. பழைய ஆல்பங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே விற்கின்றன என்பது வெளிச்சத்துக்கு வந்தது. புதியவர்களுக்கு இடம் வேண்டும் என்று பழையவற்றுக்குத் தனிப்பட்டியல் போட்டு ஒதுக்கினார்கள். 18 ஆண்டுகள் 'டார்க் சைடு' அங்கேதான் வாழ்ந்தது. அந்த விதி 2009 டிசம்பரில் நீங்கியதும் முதன்மைப் பட்டியலுக்குத் திரும்பியது. இன்று அதன் மொத்தக் கணக்கு 950 வாரங்களைக் கடந்துவிட்டது.

ஒரே இசை, பல வடிவங்கள்

'டார்க் சைடு' ஒலியின் துல்லியத்துக்காகவும் வாங்கப்பட்டது. ஸ்டீரியோ கருவி விற்பவர்கள் வாடிக்கையாளருக்குப் போட்டுக்காட்டும் தட்டு அது. 'டைம்' பாடலின் தொடக்கத்தில் கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அலறும்போது ஸ்பீக்கரின் தரம் தெரிந்துவிடும். 1979இல் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் ஒலிப்பித்தர்களுக்கென்று தனிப்பதிப்பு வெளியிட்டது. குறுந்தகடு முதலில் 1983இல் ஜப்பானில் வந்தது. 1992, 2003, 2011, 2023 என்று புதிய மெருகேற்றங்கள் தொடர்ந்தன. தேய்ந்த எல்பிக்குப் பதிலாகக் குறுந்தகடு, அப்பாவின் குறுந்தகட்டைக் கேட்டு வளர்ந்த மகள் வாங்கும் புதிய எல்பி என்று ஒரே குடும்பத்தில் ஒரே ஆல்பம் பலமுறை நுழைந்தது. இவற்றில் சில பெட்டிப் பதிப்புகள், ஏற்கெனவே வைத்திருப்பவரின் பணப்பையைக் குறிவைத்தவை என்றே சொல்ல வேண்டும். மாறாக, 2003இல் ஜேம்ஸ் கத்ரி செய்த சுற்றொலிக் கலவை உண்மையிலேயே புதிய கேட்பனுபவம்.

குழுவின் சண்டையும் விற்பனையைக் குறைக்கவில்லை. 1985இல் விலகிய வாட்டர்ஸ், மற்றவர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் போனார். 1987 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. கில்மோர் தலைமையிலான குழு ஒருபுறமும் வாட்டர்ஸ் ஒருபுறமும் அதே பழைய பாடல்களை உலகெங்கும் கொண்டுபோனார்கள். 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த லைவ் 8 நிகழ்ச்சியில் வாட்டர்ஸ், கில்மோர், ரைட், மேசன் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். அடுத்த வாரம் பழைய தட்டுகளின் விற்பனை பன்மடங்கு எகிறியது. அந்த லாபத்தை அறப்பணிக்குக் கொடுக்கப்போவதாகக் கில்மோர் அறிவித்தார், மற்ற கலைஞர்களையும் அப்படியே செய்யச் சொன்னார்.

2010ஆம் ஆண்டு வழக்கு

இணையத்தில் பாடல்களை ஒவ்வொன்றாக விற்கும் முறை வந்தபோது, இந்த ஆல்பங்களின் முழுமைக்கே சோதனை வந்தது. 1990களின் இறுதியில் இஎம்ஐயோடு புதுப்பித்த ஒப்பந்தத்தில், குழுவின் ஒப்புதலின்றி ஆல்பத்தைப் பிரித்து விற்கக் கூடாது என்ற விதி இருந்தது. அது தட்டுகளுக்கு மட்டும்தான், இணையத்துக்குப் பொருந்தாது என்றது இஎம்ஐ. 2010 மார்ச் 11 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில், குழு தொடர்ந்த வழக்கில் நீதிபதி ஆண்ட்ரூ மாரிட், கலைமுழுமையைக் காப்பதற்கென எழுதிய விதி எந்த வடிவத்துக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தார். ஓர் ஆல்பம் பாட்டுகளின் மூட்டையாக அல்லாமல் ஒரே படைப்பாக மதிக்கப்பட வேண்டும் என்பதற்கு இசைத்துறையில் கிடைத்த மிக முக்கியமான சட்டத் துணை இது என்பேன். அடுத்த ஜனவரியில் குழு இஎம்ஐயோடு புதிய ஒப்பந்தம் செய்து, தனிப்பாடல் விற்பனைக்கும் இணங்கியது. இணக்கம் தந்தது குழுதான் என்பதே இங்கு முக்கியம்.

2013 ஜூனில் ஸ்பாட்டிஃபைக்கு வந்தபோதும், 'விஷ் யூ வேர் ஹியர்' பாடல் 10 லட்சம் முறை கேட்கப்பட்டால் மற்றவற்றையும் திறப்போம் என்று நிபந்தனை வைத்தார்கள். சில நாட்களில் திறந்துவிட்டது. இதற்கிடையே இஎம்ஐ உடைந்தது. அதன் பார்லோஃபோன் பிரிவை 2013இல் வார்னர் வாங்கியதால் ஐரோப்பாவில் பிங்க் ஃபிளாய்டின் பதிவுகளும் அங்கே சென்றன.

விற்பனைக்கு வந்த மொத்தச் சொத்து

பழைய கலைஞர்கள் தங்கள் உரிமைகளை மொத்தமாக விற்கும் அலை 2020களின் தொடக்கத்தில் எழுந்தது. ஸ்ட்ரீமிங்கில் பழைய பாட்டு மாதந்தோறும் வாடகை போல வருமானம் தருவதால் முதலீட்டாளர்கள் போட்டியிட்டார்கள். 2022இல் பிங்க் ஃபிளாய்டின் பேச்சுவார்த்தை உறுப்பினர்களின் பூசலால் நின்றுபோனது. 2024 அக்டோபரில் சோனி மியூசிக், ஏறத்தாழ 40 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வெளியானது. கைமாறியவை ஒலிப்பதிவுகளும் பெயர், உருவ உரிமைகளும். பாடல்களை எழுதியதற்கான உரிமை எழுதியவர்களிடமே இருக்கிறது. ஓயாத வாக்குவாதங்களிலிருந்து விடுபடவே விற்க விரும்பியதாகக் கில்மோர் பேட்டிகளில் கூறினார். அந்த வாக்குவாதங்களின் பக்க விளைவாகவே இத்தனை ஆண்டுகள் இந்த ஆல்பங்கள் கண்டபடி கையாளப்படாமல் தப்பின. இனி அந்தக் காவல் ஒரு நிறுவனத்தின் பொறுப்பு.

புதிய உரிமையாளரின் முதல் பெரிய வெளியீடு 2025 மே மாதம் வந்தது. இத்தாலியின் பாம்பெய் இடிபாடுகளில், பார்வையாளர்களே இல்லாத பழைய ரோமானிய அரங்கில் 1971 அக்டோபரில் படமாக்கிய நிகழ்ச்சியின் இசை, ஸ்டீவன் வில்சனின் புதிய ஒலிக்கலவையில் ஆல்பமாக வெளியாகி பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1973இல் 'டார்க் சைடு' எட்டாத இடம் அது.