விட்ட காரணம்: பழைய மாணவர்களும் பள்ளிப் பதிவேடுகளும்



இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் நினைவாக நடக்கும் இச்சொற்பொழிவில் அவருடைய அரசியல் பணிகளைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். 1893-இல் அவர் தொடங்கிய ‘பறையன்’ இதழும், அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அவர் அமர்ந்ததும் இந்த அவைக்குப் புதியவை அல்ல. இன்று அவருடைய பள்ளிப் பருவத்திலிருந்து தொடங்குகிறோம். 1939-இல் வெளிவந்த ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற தன்வரலாற்றில், கோயம்புத்தூர்க் கலாசாலையில் படித்த நாட்களைச் சில வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகிறார். அங்கே ஏறக்குறைய 400 மாணவர்கள். பத்துப் பேர் போக மற்ற எல்லாரும் பிராமணர்கள். உடன் படிப்பவர்கள் தன் சாதியையும் வீட்டையும் உறவினரையும் தெரிந்துகொண்டால் தாழ்வாக நடத்துவார்களே என்ற அச்சத்தில் அவர் யாரோடும் நெருங்கிப் பழகவில்லை. வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவார். வகுப்பு கலைந்ததும், கூட வருகிறவர் யாரும் இல்லாதபடி விரைந்து வீடு சேர்வார்.

நமக்குத் தெரிந்த வரையில், ஒரு தலித் மாணவர் தன் பள்ளியைப் பற்றித் தமிழில் எழுதிவைத்த தொடக்ககாலப் பதிவுகளில் இது ஒன்று. அதில் ஒரு நண்பனின் பெயர்கூட இல்லை. பழைய மாணவர் சங்கம் என்று ஒன்று அவரை அழைத்திருந்தால், அவர் யாரைப் பார்க்கப் போயிருப்பார்?

இந்தக் கேள்வியோடு நம் ஊருக்கு வருவோம். விருதுநகருக்கு அந்தக் காலத்தில் விருதுபட்டி என்று பெயர். 1923-இல்தான் விருதுநகர் ஆயிற்று. 1885-இல் இங்கே க்ஷத்திரிய வித்யாசாலை தொடங்கப்பட்டது. கோயிலுக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த ஒரு சாதி கட்டிய பள்ளிக்கூடம் அது. அதற்குப் பிறகுதான் 1899-இல் சிவகாசிக் கொள்ளை நடந்தது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. கோயில் கதவு திறக்காத அந்த ஆண்டுகளில் பள்ளிக்கூடக் கதவைத் தாங்களே செய்து மாட்டிக்கொண்டார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட மகமையும், சோறு பொங்குவதற்கு முன் வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்துவைத்த பிடி அரிசியும் சேர்ந்துதான் அந்தப் பள்ளியை நடத்தின என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். இதைச் சொல்லும்போது நமக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

இப்படிப் பிறந்த பள்ளிகளுக்குப் பழைய மாணவர்களைப் பிடித்துவைக்கத் தனியாக ஏற்பாடு தேவைப்படவில்லை. படிப்பை முடித்தவன் கடைக்கு வந்தான். கடையிலிருந்து மகமை கொடுத்தான். அந்த மகமை திரும்பப் பள்ளிக்குப் போனது. பங்குனிப் பொங்கல், திருமண மண்டபம், உறவின்முறைக் கூட்டம் என்று வகுப்புத் தோழர்கள் ஆண்டுக்குப் பத்துமுறை சந்தித்தார்கள். பள்ளியோடு தொடர்பு விட்டுப்போவதற்கே வழி இல்லை. பழைய மாணவர் சங்கம் என்ற பெயர்ப்பலகை பின்னால் வந்து மாட்டப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்த மற்ற சாதிப் பிள்ளைகளுக்கு அந்த உறவு பள்ளி வாசலோடு முடிந்துவிடும். அவர்களுக்கு அந்தக் கடைத்தெருவில் கடை இல்லை, அந்த மண்டபத்தில் கல்யாணம் இல்லை. பள்ளி எல்லோருக்கும் திறந்திருந்தாலும், பள்ளிக்குப் பிந்திய வாழ்க்கை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை.

அந்த வித்யாசாலையின் புகழ்பெற்ற பழைய மாணவர் யார் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1903-இல் பிறந்த காமராஜர், ஆறு வயதில் தந்தையை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடையில் வேலைக்குப் போனார். பள்ளிக் கணக்குப்படி பார்த்தால் அவர் இடைநின்ற மாணவர். இன்றைய அதிகாரிகள் மொழியில் ‘டிராப் அவுட்’. ஆனால் எந்தப் பழைய மாணவர் மலரிலும் அவர் பெயரை விட்டுவிடும் துணிச்சல் யாருக்கும் வராது, வரவும் கூடாது. படித்து முடித்தவன்தான் பழைய மாணவன் என்ற விதி அவர் ஒருவருக்காக நம் மாவட்டத்தில் என்றோ உடைந்துவிட்டது. உடைந்த விதியை அவரோடு நிறுத்திக்கொண்டோம் என்பதுதான் நம் வழக்கு.

இனி எங்கள் கதை. இந்த மன்றத்தில் இருக்கும் எங்களில் பலர் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து, அரசு விடுதியில் தங்கி, நகரத்துப் பள்ளிகளில் படித்தவர்கள். வகுப்பில் எங்களுக்கு ‘ஆஸ்டல் பையன்’ என்று பெயர். சாதியைச் சொல்லாமல் சாதியைச் சொல்லும் சொல் அது. ஸ்காலர்ஷிப் பாரம் வந்த அன்று ஆசிரியர் “எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க” என்பார். எழுந்து நிற்போம். அதுவரை தோளில் கை போட்டிருந்தவன் கையை எடுத்துவிடுவான். சிலர் எடுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எடுக்காத ஒருவன்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டுத் துக்கத்துக்கு வந்து நிற்கிறான்.

அந்தப் பள்ளிகளில் ஒன்று பொன்விழா கொண்டாடி மலர் வெளியிட்டது. பழைய மாணவர் பட்டியல் பல பக்கங்களுக்கு இருந்தது: மருத்துவர்கள், பொறியாளர்கள், ஆலை அதிபர்கள், அமெரிக்காவில் இருப்பவர்கள். விடுதியிலிருந்து போய்ப் படித்து அரசுப் பணிக்கு வந்த எங்களில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. கேட்டபோது, “உங்க அட்ரஸ் எங்ககிட்ட இல்லையே” என்றார்கள். உண்மைதான். சேர்க்கைப் பதிவேட்டில் எங்கள் முகவரியாக விடுதியின் பெயர்தான் இருந்தது. படிப்பு முடிந்து விடுதியை விட்டு வெளியேறிய அன்றே நாங்கள் முகவரி இல்லாதவர்கள் ஆகிவிட்டோம்.

எங்களுடைய உண்மையான பழைய மாணவர் சங்கம் விடுதிக்குள்தான் இருந்தது. பத்தாம் வகுப்பு முடித்துப் போகிற அண்ணன், தன் கோனார் தமிழ் உரையையும் கணக்கு நோட்டையும் அடுத்தவனுக்கு விட்டுப்போவான். அந்த உரையின் முதல் பக்கத்தில் அவனுக்கு முன்னால் வைத்திருந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஊர்ப் பெயரும் இருக்கும். எங்கள் அறையில் இருந்த ஒரு புத்தகத்தில் ஐந்து பெயர்கள் இருந்தன. பாடத்திட்டம் மாறிய பிறகும் அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை. மகமை இல்லாதவர்களின் மகமை அது. ஆனால் விடுதிக்குப் பொன்விழா கிடையாது, மலர் கிடையாது. வார்டன் மாறுவார், கட்டடம் மாறும், பதிவேடு கரையானுக்குப் போகும். பெயரும் மாறிக்கொண்டே இருந்தது: அரிஜன நலம் என்றார்கள், ஆதிதிராவிடர் நலம் என்றார்கள், 2025-இல் சமூகநீதி விடுதி என்று அறிவித்தார்கள். பெயர் மாற்றத்தை நாம் எதிர்க்கவில்லை. பழைய பெயரில் இருந்த பதிவேடுகள் எங்கே என்று மட்டும் கேட்கிறோம்.

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் தொடங்கிய நந்தனார் பள்ளியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பள்ளியும் விடுதியும் ஒன்றாக, நம்முடையதாக இருந்த இடம் அது. தென்னார்க்காட்டுத் தலித்துகளின் முதல் தலைமுறைப் படிப்பாளிகள் பலர் அதைத் தங்கள் பள்ளி என்று தயங்காமல் சொல்லிக்கொள்ள முடிந்தது. நம் பக்கத்தில் அப்படி ஒன்று வாய்க்கவில்லை.

வாய்த்தது தீப்பெட்டி ஆபீஸ். 1920-களில் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுவந்த சிவகாசிக்காரர்கள் இருவரோடு தொடங்கிய கதை அது; 1940-களில் பட்டாசும் சேர்ந்துகொண்டது. வானம் பார்த்த கரிசல் பூமிக்கு அது சோறு போட்டது என்பதை மறுக்க முடியாது. பிள்ளைகளின் கையிலிருந்தும் அந்தச் சோற்றை எடுத்தது. விடியும் முன்பே கிராமத்துக்குள் ஆபீஸ் வண்டி வரும். தூக்கக் கலக்கத்தோடு, தூக்குவாளியோடு பிள்ளைகள் ஏறுவார்கள். கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் சின்ன விரல்களுக்கு ஏற்ற வேலை என்று பெரியவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு முடிவில் சிவகாசிப் பகுதியில் பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221. தொழிலாளர் 27,338 பேர். அவர்களில் குழந்தைகள் 2,941 பேர். பதிவு பெற்ற ஆலைகள் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை இது. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிய பிள்ளைகள் இதில் வரமாட்டார்கள். வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. குழந்தைகளை வெளியே கொண்டுவர அந்தத் தீர்ப்பும், கல்வி உரிமைச் சட்டமும், சத்துணவும், போராடியவர்களும் சேர்ந்து செய்தது பெரிய காரியம். ஆனால் நமக்கு வேறொரு கேள்வி எழுகிறது. அந்த 2,941 பேரில் எத்தனை பேர் பெயர் ஏதோவொரு பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்திருக்கும்? ஒன்றாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ பெயர் எழுதி, பிறகு ‘நீண்ட நாள் வராமை’ என்று அடிக்கப்பட்ட பெயர்கள். அந்தக் கட்டத்தில் ‘தீப்பெட்டி ஆபீசுக்குப் போனான்’ என்று எழுதிய தலைமையாசிரியர் யாரையும் நாங்கள் கண்டதில்லை.

ஆண்கள் பள்ளியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த வண்டியில் ஏறியவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். விடுதிக்கு எடுத்துப்போன எங்கள் டிரங்குப் பெட்டி, அக்காவோ தங்கையோ பெட்டி ஒட்டிய கூலியில் வாங்கியது. அவள் அஞ்சாம் வகுப்போடு நின்றாள். நாங்கள் பழைய மாணவர்கள் ஆனோம்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று ஆசிரியர் தினம். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகள். ஒவ்வொரு முறையும் செய்தித்தாள் பெயர், வயது, ஊர் போடும். எந்தப் பள்ளியில் படித்தவர் என்று போடாது. அதுவே ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர் இறந்தால் அவர் படித்த பள்ளியில் மறுநாள் மௌன அஞ்சலி நடக்கும். வெடிமருந்தில் கருகியவருக்கும் ஒரு பள்ளி இருந்தது. கரும்பலகையில் அவர் பெயரை ஒரு நாளாவது யாராவது எழுதியிருக்க வேண்டாமா?

இப்போது பழைய மாணவர்களுக்குத் திடீரென்று மதிப்பு கூடியிருக்கிறது. 2022 டிசம்பரில் அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தைத் தொடங்கி, முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் நன்கொடை கேட்கிறது. 2024-இல் மாற்றியமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்திருக்கிறார்கள். வரவேற்கிறோம். காமராஜர் காலத்தில், 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் பெஞ்சும் மணியும் பானையும் கொண்டுவந்து கொடுத்தார்களே, அதன் தொடர்ச்சிதான் இது. ஆனால் அங்கே பானை கொடுத்தவனும் மேடைக்கு வந்தான். இன்றைய சந்திப்புகளில் யார் வருகிறார் என்று பாருங்கள். ஸ்மார்ட் வகுப்பறை வாங்கித் தரக்கூடியவர் வருகிறார். பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிறவர் அதே பேட்ச்சில் படித்திருந்தாலும் வாட்ஸ்அப் குழுவில் இருக்க மாட்டார். இருந்தாலும், சில மாதங்களில் அந்தக் குழு சாதிவாரியாக இரண்டு மூன்று குழுக்களாகப் பிரிந்துவிடுவதை நாங்களே பார்த்திருக்கிறோம். 2023-இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு குழு பள்ளிகளில் சாதி அடையாளங்களை நீக்கப் பரிந்துரைகள் தந்தது. கையில் கட்டிய கயிற்றை அவிழ்ப்பது பற்றி அதில் இருக்கிறது. பள்ளியை விட்டுப் போன பிறகு கட்டிக்கொள்ளும் கயிறுகளைப் பற்றி நாம்தான் பேச வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் சத்தாரா அரசுப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதில் 1914 என்ற எண்ணுக்கு நேராக, 1900 நவம்பர் 7 அன்று சேர்ந்த சிறுவன் பீவாவின் பெயர் இருக்கிறது. பின்னாளின் பாபாசாகேப். வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச்சாக்கில் தனியாக உட்காரவைக்கப்பட்ட பிள்ளை. அவர் அந்தப் பள்ளியில் படிப்பை முடிக்கவில்லை. குடும்பம் பம்பாய்க்குப் போய்விட்டது. இருந்தும், அவர் சேர்ந்த அந்த நாளைத்தான் 2017 முதல் மகாராஷ்டிர அரசு மாணவர் தினமாகக் கொண்டாடுகிறது. தேறிய நாளை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நுழைந்த நாளை எடுத்துக்கொண்டார்கள்.

நம் மாவட்டத்துப் பள்ளிகளிடமும் விடுதிகளிடமும் நாம் கேட்பதும் இவ்வளவே. பழைய மாணவர் பட்டியலை மதிப்பெண் பதிவேட்டிலிருந்து தயாரிக்காதீர்கள்; சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தயாரியுங்கள். ஒரு நாள் வந்து பெயர் எழுதியவனும் அதில் இருக்கட்டும். விழாவுக்கு அழைக்கும்போது, ஆலை ஷிப்டு முடிந்து வரக்கூடிய நேரத்தில், ஆலைக்கு விடுமுறையான நாளில் அழையுங்கள். நன்கொடை ரசீதை வாசலில் வைக்காதீர்கள்.

அதுவரை நாம் காத்திருக்கப் போவதில்லை. இந்த மண்டபத்தின் பின்பக்க மேசையில் ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், ஊர், பள்ளி, தங்கிய விடுதி, கடைசியாகப் படித்த வகுப்பு, பிறகு பார்த்த வேலை என்று கட்டம் போட்டிருக்கிறது. உங்கள் பெயரோடு, படிப்பை விட்டுவிட்டுப் போன உங்கள் வகுப்புக்காரர் ஒருவர் பெயரையும் எழுதுங்கள். அக்கா தங்கை பெயரையும் எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். ‘விட்ட காரணம்’ என்ற கட்டத்துக்கு மட்டும் ஒவ்வொருவருக்கும் அரைப்பக்கம் விட்டிருக்கிறோம்.